சீசன் ஆள் போயாச்சு, அட்மின் உரிமை போச்சா?

மலர்க் கண்காட்சிக்காக மே மாதம் ஊட்டியும் குன்னூரும் நிரம்பும்போது லாட்ஜ் ரிசப்ஷனுக்குத் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். கம்ப்யூட்டரில் அவருக்கு ஒரு யூசர் கணக்கு. பிரின்டர் டிரைவர் ஏற மறுத்தால் அதற்கே அட்மின் உரிமையும், அதாவது கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றவும் மாற்றவும் அனுமதி. ஜூனில் மழை பிடித்ததும் ஆள் ஊருக்குப் போய்விடுவார், கணக்கு அங்கேயே கிடக்கும். கோத்தகிரிப் பக்கத் தேயிலை ஃபேக்டரிகளில் இலை எடைக் கணக்கு ஏற்றும் கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும்.

விண்டோஸில் கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘நெட் யூசர்’ (net user) என்று அடித்தால் எல்லாக் கணக்குகளின் பெயரும் வரும். அது வெறும் வருகைப் பதிவேடுதான். சாவி யார் கையில் என்பதை ‘நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ (net localgroup administrators) சொல்லும். அட்மின் உரிமை உள்ள குழுவின் பட்டியல் அது. அதில் முதலாளி, கம்ப்யூட்டரைப் பராமரிப்பவர், விண்டோஸோடு வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் தவிர நாலாவது பெயர் இருந்தால் விசாரிக்க வேண்டும்.

‘நெட் யூசர்’ போட்டு இடைவெளி விட்டு அந்தப் பெயரையும் அடியுங்கள். ‘அக்கவுண்ட் ஆக்டிவ்’ வரியில் ‘யெஸ்’ இருக்கிறதா, ‘பாஸ்வேர்ட் ரெக்வயர்ட்’ வரியில் ‘நோ’ இருக்கிறதா, ‘லாஸ்ட் லாகான்’ என்ன தேதி? ஆள் போன தேதிக்குப் பிறகும் லாகான் பதிவாகியிருந்தால், பாஸ்வேர்ட் இன்னொருவர் கையில் இருக்கலாம்.

கணக்கை உடனே அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்ஐடி என்ற தனி எண் உண்டு. ஃபோல்டர் உரிமைகள் பெயரில் அல்ல, அந்த எண்ணில்தான் எழுதப்படுகின்றன. செப்டம்பரில் இரண்டாம் சீசனுக்கு அதே ஆள் திரும்பி வந்து, அதே பெயரில் கணக்கு போட்டாலும் எண் புதிது. பழைய ஃபைல் திறக்காது. ‘நெட் யூசர்’, பெயர், கடைசியில் ‘/ஆக்டிவ்:நோ’ (/active:no) என்று முடக்கினால் போதும். அட்மின் குழுவிலிருந்து எடுக்க ‘நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’, பெயர், ‘/டெலீட்’ (/delete). இரண்டுக்கும் கமாண்ட் பிராம்ப்டை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறக்காவிட்டால் ‘சிஸ்டம் எரர் 5’ வரும். அந்தக் கணக்கில் யாராவது உள்ளே இருந்தால் வெளியேற்றுங்கள். லாகான் ஆனபோது கிடைத்த உரிமை லாக் ஆஃப் ஆகும்வரை நீடிக்கும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று. தன் உரிமையைப் பார்க்க ‘ஹூஆம்ஐ /குரூப்ஸ்’ (whoami /groups) அடிப்பார்கள். முதல் மூன்று சொல்லும் ஒட்டியே வர வேண்டும். சாதாரண விண்டோவில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் வரிக்கு நேரே ‘குரூப் யூஸ்டு ஃபார் டினை ஒன்லி’ என்று வரும். அதைக் கண்டு ‘எனக்கு அட்மின் இல்லை’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். இருக்கிறது, அட்மின் வேலைக்கு முன் அனுமதி கேட்கும் யூஏசி என்ற விண்டோஸ் காவல் அதை மடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, இலைக் கணக்கு இருக்கும் ஃபோல்டரை ‘ஐகேக்ல்ஸ்’ (icacls) கட்டளையால் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் எஃப் (F) என்றால் முழு உரிமை, எம் (M) திருத்த, ஆர்எக்ஸ் (RX) படிக்கவும் இயக்கவும். எல்லோரையும் குறிக்கும் ‘எவ்ரிஒன்’ பக்கத்தில் எஃப் நின்றால், அட்மின் இல்லாத கணக்கிலிருந்தும் போன வார எடையை மாற்றலாம். கூடவே ஐ (I) இருந்தால் அந்த உரிமை மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கி வந்தது. அங்கே போய்த்தான் திருத்த வேண்டும்.