65 கிலோ கல்லில் ஏன் ஓர் ஓட்டை?

சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே விளக்கு வேண்டும். ஆனால் கூரையில் துளை போடக் கூடாது. மேசை இடம் மாறினால் விளக்கும் மாற வேண்டும். மிலான் நகரத்துச் சகோதரர்கள் பியர் ஜாக்கொமோ, அக்கில்லே காஸ்திலியோனி இதற்குத் தெருவிளக்கைப் பார்த்து விடை கண்டார்கள். 1962-இல் ஃப்ளோஸ் என்ற விளக்கு நிறுவனத்துக்காக அவர்கள் வடிவமைத்த விளக்குதான் 'ஆர்கோ'. இத்தாலிய மொழியில் வில், வளைவு என்று பொருள்.

தெருவிளக்குக் கம்பத்தை மண்ணில் புதைத்துவிடலாம். வீட்டுத் தரையில்? மேசையைச் சுற்றி ஆட்கள் உட்காரவும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் தட்டோடு ஒருவர் நடக்கவும் வேண்டும் என்பதால், விளக்கின் தலை அடிப்பாகத்திலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளித் தொங்குகிறது. சீசா பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தால் சின்னப் பையன்கூட நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும் அப்பாவைத் தூக்கிவிடுவான் அல்லவா? அதே கதைதான். கணக்குக்காக, தலையும் வளைவும் சேர்ந்து 2 மீட்டர் தூரத்தில் 3 கிலோ பாரமாக இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தூரத்தை எடையால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன், அதாவது சாய்க்கப் பார்க்கும் வலிமை: 2 × 3 = 6. அடிக்கல்லின் எடை மையம், கல் சாயக்கூடிய விளிம்பிலிருந்து 12 செ.மீ. உள்ளே இருந்தால், விழாமல் நிற்கவே 6 ÷ 0.12 = 50 கிலோ தேவை. யாராவது இடித்தாலும் தாங்க வேண்டுமே! ஆர்கோவின் அடியில் இருக்கும், இத்தாலியின் காரரா ஊர்ப் பளிங்குக் கல் சுமார் 65 கிலோ.

ஆக, அந்தப் பளிங்கு பகட்டுக்கு வைத்தது இல்லை. கான்கிரீட்டைவிட அடர்த்தி கொஞ்சம் அதிகம் என்பதால் அதே எடைக்குக் கல் சின்னதாகிறது, மெருகும் ஏறுகிறது. அதே ஆண்டு இவர்கள் செய்த 'தோயோ' விளக்கில் கார் முகப்பு விளக்குதான் பல்பு. அதற்குத் தேவைப்பட்ட மின்மாற்றியைக் காலடியில் வைத்து, அதையே பாரமாக்கிவிட்டார்கள். எனக்கு இது ஆர்கோவைவிடச் சாமர்த்தியமாகப் படுகிறது.

வளைவு ஒன்றுக்குள் ஒன்று நழுவும் மூன்று எஃகுத் துண்டுகளால் ஆனது. மின்கம்பி அதற்குள்ளேயே ஓடுகிறது. அலுமினியக் குடையின் உச்சியில் இருக்கும் சிறு துளைகள் வழியே பல்பின் சூடு மேலே போய்விடும். அந்தக் கால இழை பல்பு தின்ற மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் வெளியேறியது.

அப்புறம், கல்லின் நடுவே இருக்கும் அந்த வட்ட ஓட்டை. அதில் ஒரு துடைப்பக் கட்டையைச் செருகி, ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் விளக்கைப் பல்லக்கு மாதிரித் தூக்கிப் போகலாம். போகிற வழியில் காலில் இடித்தால் வலிக்காமல் இருக்கக் கல்லின் முனைகளையும் மழுக்கியிருக்கிறார்கள்.