வெண்கழுத்து ஜேக்கபின்: நீலத்தை விட்டு வெள்ளையைப் பாருங்கள்

தெற்கு மெக்சிகோவிலிருந்து பிரேசில், பொலிவியா வரை பரவியிருக்கும் ரீங்காரச்சிட்டு இனம் வெண்கழுத்து ஜேக்கபின். நீளம் சுமார் 12 செ.மீ. ஆணுக்குக் கருநீலத் தலையும் தொண்டையும், பச்சை முதுகு, வெள்ளை வயிறு, வெள்ளை வால், பிடரியில் ஒரு வெள்ளைப் பிறை. படத்தில் பார்த்தால் இதை வேறொன்றோடு குழப்பிக்கொள்ளவே முடியாது என்று தோன்றும். காட்டிலோ அது மரத்தின் உச்சிப் பூக்களில் தேன் குடித்துக்கொண்டிருக்கும். பின்னால் வானம் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் நீலமும் பச்சையும் கறுப்பாகத்தான் தெரியும்.

காரணம், அந்த நீலம் சாயம் இல்லை. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் என்ற கருநிறமியாலான நுண்ணிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன; ஒவ்வொரு தட்டுக்குள்ளும் காற்றுக் குமிழிகள். ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றுசேரும்போது சில நிறங்கள் வலுக்கும், மற்றவை அடங்கிப்போகும். சோப்புக் குமிழியில் வண்ணம் ஓடுவதும் இதே வகைதான். சூரியன், பறவை, நம் கண் மூன்றும் சரியான கோணத்தில் அமைந்தால்தான் நீலம் மின்னும்.

வெள்ளை இறகு அப்படி அல்ல. ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அதனால் முதலில் வாலைப் பாருங்கள். ஓடைக்கு மேலே, மரமில்லாத வெளியில் பூச்சி பிடிக்க அந்தரத்தில் நின்று திரும்பும்போது வாலை விசிறிபோல விரிக்கும். விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு போட்ட அந்த வெள்ளை வால்தான் மிகச் சிறந்த அடையாளம். பிடரிப் பிறையைப் பார்க்க அது கிளையில் உட்கார வேண்டும், நமக்கு முதுகையும் காட்ட வேண்டும்.

சரி, பெண்? பச்சை முதுகு, தொண்டையில் மீன்செதில் போன்ற புள்ளிகள். வழிகாட்டி நூல்கள் சொல்வது இதைத்தான். ஆனால் பனாமாவின் கம்போவாவில் ஜே ஃபால்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்த பெண்களில் சுமார் 20 சதவீதம் ஆணைப் போலவே இருப்பதைக் காட்டியது. குஞ்சுகள் எல்லாமே ஆண் நிறத்தில்தான் தொடங்குகின்றன. பெரும்பாலான பெண்கள் வளர்ந்ததும் நிறம் மாறுகின்றன, சில அப்படியே தங்கிவிடுகின்றன. ஆண் நிறத்துக்கு ஒரு பலன் உண்டு: தேன் குடிக்க வரும் இடத்தில் மற்றவை அவற்றை அவ்வளவாகத் துரத்துவதில்லை. அதனால் கூடுதல் நேரம் குடிக்க முடிகிறது. எனக்கு இந்தப் பறவையிடம் மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

ஆகவே நீலத்தலையும் வெள்ளை வாலும் கொண்ட ஒன்றைக் கண்டால் குறிப்பேட்டில் இனத்தின் பெயரைத் தயங்காமல் எழுதலாம். பக்கத்தில் ‘ஆண்’ என்று எழுதாதீர்கள்; ‘ஆண் நிறம்’ என்று எழுதுங்கள்.