ஸ்லைடரை இழுத்தால் படத்துக்கு யார் சொல்வது?

"அண்ணாச்சி, ஸ்லைடரை இழுத்தா படமும் கூடவே மாறுதே, அதுகிட்ட யாரு போய்ச் சொல்லுதா?"

கேட்டவன் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் தம்பி. நான் காட்டியது மேத்தமாட்டிகா என்ற கணக்கு மென்பொருளில் செய்த சின்ன விளையாட்டு. ஸ்லைடர் என்றால் திரையில் பக்கவாட்டில் இழுக்கும் பொத்தான்; அதை வைத்து பாபநாசம் அணை நீர்மட்டத்தை 0 முதல் முழு அளவான 143 அடி வரை இழுக்கலாம். இழுக்க இழுக்க அடியிலுள்ள அழுத்தம் ஏறும். 143 அடி ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4.4 கிலோ. அந்தக் கணக்கு பள்ளிப் பாடம்தான், விட்டுவிடுவோம்.

மேத்தமாட்டிகாவின் குறியீட்டு மொழியில் எல்லாமே கோவை: ஒரு தலை, அடைப்புக்குள் உறுப்புகள். 2+3 என்பது உள்ளுக்குள் பிளஸ்[2, 3]. ஸ்லைடரும் அதே சாதிதான். பட்டியலில் போடலாம், பத்து வேண்டுமா, டேபிள் என்ற ஒரே கட்டளை போதும்.

சிக்கல் இங்கேதான். மட்டத்துக்கு 'ம' என்று பெயர் வைத்து ஸ்லைடர்[ம] என்று எழுதினால், மொழி முந்திக்கொண்டு ம-வைக் கணக்கிட்டுவிடும். ம அப்போது 100 என்றால், ஸ்லைடர் கைக்கு வருவது வெறும் 100. அது எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

2007-ல் ஆறாம் பதிப்போடு வந்த டைனமிக் என்ற கட்டளை செய்வது ஒரு பிடிவாதம்: தன் வயிற்றில் இருப்பதைக் கணக்கிட விடாது. ஸ்லைடர்[டைனமிக்[ம]] அப்படியே திரைக்குப் போகிறது. திரையைப் பார்த்துக்கொள்ளும் நிரல் வேறு, கணக்குப் போடும் கெர்னல் வேறு. வரையும் நேரத்தில்தான் திரை, "ம எவ்வளவு?" என்று கேட்கும். கேட்டது யார் என்று கெர்னல் குறித்துக்கொள்ளும். நாம் இழுத்ததும் ம மாறுகிறது. கெர்னல் புது விடையைச் சுமந்து ஓடாது. "உன்னிடம் இருப்பது பழசு" என்று மட்டும் சொல்லும். கண்ணில் படும் இடத்துக்கு மட்டும் திரை திரும்பக் கேட்கும். கீழே உருண்டு மறைந்த படம் சும்மா கிடக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் இந்தச் சோம்பேறித்தனம் எனக்குச் சலிக்கவில்லை.

மேத்தமாட்டிகாவுக்கு விலை அதிகம் என்பார்கள். ஆயுத பூஜைக்குக் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைக்கிற கல்லூரிகள், கூடவே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று வாங்கி வைக்கலாம். 2013 முதல் அதில் மேத்தமாட்டிகா இலவசம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதவரை.

தம்பி உடனே செய்து பார்த்தான். 120 அடி தாண்டினால் தண்ணீர் சிவப்பாக வேண்டும் என்று 'இப்படியானால் இதைச் செய்' என்னும் இஃப் கட்டளைக்குள் டைனமிக்[ம] > 120 என்று எழுதினான். நிறம் மாறவில்லை. டைனமிக்[ம] எண் இல்லையே, எதோடு ஒப்பிடும்? டைனமிக்கைப் பிடுங்கி மொத்தப் படத்துக்கும் வெளியே போர்த்தினோம். 121-ல் சிவந்தது.