லேத் தனக்குத்தானே கடைந்துகொள்ளும் தேய்ப்புத் தட்டு

சுழலும் தட்டால் மரத்தைத் தேய்க்கும் டிஸ்க் சாண்டரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு மோட்டார், ஒரு தண்டு, தண்டின் முனையில் வட்டத் தட்டு, தட்டின் முகத்தில் ஒட்டிய உப்புத்தாள், எதிரே ஒரு சின்ன மேசை. மரக் கடைசல் லேத் வைத்திருப்பவரிடம் முதல் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. அதுவும் நல்ல பேரிங்குகளோடு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு. தாளைத் தவிர மற்றவற்றைப் பலகைத் துண்டுகளைக் கொண்டே செய்துகொள்ளலாம்.

தட்டுக்கு 18 மி.மீ. எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, தோதானது. இயற்கையான மரம் ஈரம் பட்டால் இழைக்குக் குறுக்காக உப்பும், காய்ந்தால் சுருங்கும். இன்று தட்டையாக இருப்பது மழைக்காலத்தில் வளைந்து நிற்கும். எம்டிஎஃப்பில் இழையோட்டமே இல்லாததால் அந்தத் தொல்லை குறைவு. எவ்வளவு பெரிய தட்டு என்பதை லேத்தின் படுக்கைதான், அதாவது தண்டுக்குக் கீழே நீளமாகக் கிடக்கும் தளம்தான், முடிவு செய்கிறது. தண்டின் மையத்திலிருந்து படுக்கை வரை 150 மி.மீ. இருந்தால், 280 மி.மீ. விட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்த வட்டத்தைத் துல்லியமாக வெட்ட வேண்டியதில்லை. ஜிக்சா என்ற கை மின்ரம்பத்தில் கோணல்மாணலாக வெட்டி, தண்டின் மரையில் மாட்டும் உலோக வட்டத் தகடான ஃபேஸ்பிளேட்டில் திருகி, லேத்தில் ஏற்றி, ஓடவிட்டு விளிம்பைக் கடைந்தால் போதும். கருவி எங்கே தொட்டாலும் அந்த இடம் தண்டின் அச்சைச் சுற்றிய வட்டமாகத்தான் மாறும். மையத்தைத் தேடிப் புள்ளி வைக்கும் வேலையே இல்லை. முகத்தையும் லேசாகச் சுரண்டிவிட்டால் ஆட்டம் போய்விடும். ஆனால் கடைந்த முகத்தில் ஆட்டம் இருக்காதே தவிர, நடுவில் மேடோ பள்ளமோ இருக்கலாம். இரும்பு அளவுகோலை விட்டத்தின் குறுக்கே வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்தால் எங்கே ஒளி கசிகிறது என்று தெரியும். கசிவு நிற்கும் வரை சுரண்ட வேண்டும். இப்படிச் செய்த தட்டை ஃபேஸ்பிளேட்டிலிருந்து பிறகு கழற்றவே கூடாது என்பது என் கட்சி. கழற்றினால் மறுபடி கடைய வேண்டிவரும். இதற்கென்றே ஒரு ஃபேஸ்பிளேட்டை ஒதுக்கிவிடலாம். திருகுகளின் முனை தட்டின் முகத்தைத் துளைத்து வந்துவிடாமல் நீளம் பார்த்துப் போட வேண்டும்.

விளிம்பைக் கடைவது அழகுக்காக அல்ல. ஒரு பக்கத்தில் வெறும் 10 கிராம் எடை கூடுதலாக, அச்சிலிருந்து 140 மி.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் அது தண்டை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் திசை மாறுவதால் அதை நாம் அதிர்வாக உணர்கிறோம். வேகத்தை 2000 ஆக்கினால் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. ஆறு கிலோவுக்கு மேல். சுழல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விசை ஏறுகிறது என்பதுதான் காரணம்.

வேகமே இந்தக் கருவியின் விநோதமும்கூட. தட்டு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று சுற்றினாலும், விளிம்பில் இருக்கும் துகள் நெடுந்தூரம் போகிறது, மையத்தில் இருப்பது இருந்த இடத்திலேயே திரும்புகிறது. 280 மி.மீ. தட்டு 1000 சுற்றில் ஓடும்போது விளிம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 14.7 மீட்டர். அதில் பாதித் தொலைவில் பாதி வேகம். மையத்தில் பூஜ்யம், அங்கே மரத்தை அழுத்தினால் தேயாது, சூடுதான் ஏறும். வேலைக்கு உகந்த இடம் மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவிலிருந்து வெளிப்புறம் வரை. விளிம்புக்குப் போகப் போக மோட்டாரும் திணறும். உராய்வு இரண்டு கிலோ எடையளவு இழுத்தால், அதை 14.7 மீட்டர் வேகத்தில் சமாளிக்க ஏறக்குறைய 290 வாட் வேண்டும். அரைக் குதிரைத்திறன் மோட்டார் மொத்தமே 370 வாட்தான். ஆகவே அழுத்தத்தை நம்பாமல் புதுத் தாளை நம்புவதே புத்திசாலித்தனம்.

தாளின் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி உளி, ஆனால் மோசமாகச் சாணை பிடித்த உளி. மரத்தைச் சீவும் கோணத்தில் அது நிற்பதில்லை. மழுங்கிய நெற்றியால் முட்டித் தள்ளுகிறது. அதனால் செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிறது. 80 நம்பர் தாளில் துகளின் அளவு சராசரியாக 0.2 மி.மீ.; 120 நம்பரில் 0.125 மி.மீ. துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் மரத்தூள் தங்கி வெளியேற வேண்டும். சந்து அடைபட்டால் தூள் மரத்தையே உரசும், பிசின் உருகித் தாள் பளபளக்கும், மரத்தின் முகத்தில் பழுப்புக் கோடு விழும். துகள்கள் இடைவெளிவிட்டு ஒட்டப்பட்ட தாள் மரத்துக்கு ஏன் நல்லது என்பது இங்கே புரியும். துண்டை ஒரே இடத்தில் பிடிக்காமல் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருந்தால் தாள் சீராகத் தேயும், கருகலும் வராது.

தாளை ஒட்டும் முன் எம்டிஎஃப் முகத்துக்கு வார்னிஷோ ஷெல்லாக்கோ இரண்டு பூச்சு கொடுக்க வேண்டும். பூசாத பலகையில் பசை உறிஞ்சப்பட்டுவிடும். தாளை உரிக்கும்போது பலகையின் மேல்தோலும் சேர்ந்து வரும். பின்புறமே பசை உள்ள தாள் வசதியானது. பழைய தாள் அடம்பிடித்தால் ஹேர் டிரையரால் சூடாக்கினால் பசை இளகும். வெல்க்ரோ தாள் மாற்றச் சுலபம்தான், ஆனால் அதன் அடியில் உள்ள மெத்தை அமுங்கி, மரத்தின் கூர்மையான ஓரங்களை உருட்டிவிடுகிறது. எனக்கு அது ஒத்துவராது.

தட்டுக்குக் கொடுக்கும் கவனத்தைப்போல இரண்டு மடங்கு மேசைக்குக் கொடுக்க வேண்டும். வழக்கமான லேத்தில் தட்டு ஓடும் திசையில், நாம் நிற்கும் பக்கத்துப் பாதி கீழ்நோக்கி இறங்குகிறது. எதிர்ப்பக்கப் பாதி மேலே ஏறுகிறது. துண்டை நம் பக்கத்துப் பாதியில் வைத்தால் தட்டே அதை மேசையோடு அழுத்திப் பிடிக்கும். அந்தப் பக்கம் வைத்தால் தூக்கி எறியும். உயரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் பக்கத்துப் பாதியில் அச்சுக்கு நேரான உயரத்தில் இயக்கம் செங்குத்தாகக் கீழே போகிறது. அதற்கு மேலே சற்று வெளியே தள்ளும், கீழே சற்று உள்ளே இழுக்கும். மேசையை அச்சைவிடக் கொஞ்சம் தாழ்த்தி, துண்டின் பாதித் தடிமன் அச்சின் மட்டத்துக்கு வருமாறு வைத்தால் இரண்டு இழுப்பும் ஏறக்குறைய ஈடாகிவிடும்.

மேசையைப் படுக்கையில் கிளாம்ப் போட்டு இறுக்கும் பெட்டியாகச் செய்யலாம். தட்டுக்கும் மேசைக்கும் இடைவெளி ஒன்றரை மி.மீ. அளவில் இருந்தால் மெல்லிய துண்டோ விரல் நுனியோ உள்ளே மாட்டாது. செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகும் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. ஒரு பலகையின் முனையைத் தேய்த்து, அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு துண்டைக் குப்புறப் புரட்டாமல் அரைவட்டம் மட்டும் திருப்பி, தேய்த்த முகங்களை எதிரெதிரே சேர்த்துப் பாருங்கள். மேசை அரை டிகிரி சாய்ந்திருந்தால் சந்து ஒரு டிகிரியாகத் திறந்து காட்டும்.

லேத்தின் தண்டு மரை பொதுவாக வலஞ்சுழி. மரம் தரும் எதிர்ப்பு ஃபேஸ்பிளேட்டை மேலும் இறுக்கவே செய்யும். ஆனால் ஓடும் லேத்தைச் சட்டென்று நிறுத்தினாலோ பின்னோக்கி ஓடவிட்டாலோ கனமான தட்டு தானாகவே மரையிலிருந்து கழன்று வரக்கூடும். பூட்டுத் திருகு இல்லாத ஃபேஸ்பிளேட்டில் ரிவர்ஸ் பக்கமே போகக் கூடாது.

தட்டு ஒரு விசிறியாகவும் வேலை செய்வதால் தூள் எங்கும் பறக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மேசைப் பெட்டியின் அடியில் ஒரு துளை போட்டு வாக்குவம் குழாயைச் செருகினால் பெரும்பகுதி அங்கேயே அடங்கும். மாஸ்க்கும் வேண்டும், தட்டைக் கடையும்போது பறக்கும் எம்டிஎஃப் தூளுக்கு இன்னும் அதிகமாகவே வேண்டும்.

அகலமான பலகையின் முகத்தைச் சமன்செய்ய மட்டும் இதை எடுக்காதீர்கள். கீறல்கள் வில்லாக வளைந்து இழைக்குக் குறுக்கே விழும். அவற்றைக் கையால் தேய்த்துப் போக்க அரைநாள் போய்விடும். முனைகள், வெளிப்புற வளைவுகள், சட்டங்களின் சாய்வு மூலைகள் ஆகியவற்றுக்கே இந்தத் தட்டு.