சாவியில் கையெழுத்திடும் முன் 40 எழுத்துகளையும் பாருங்கள்

பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் லினக்ஸ் கற்கும் பிள்ளைகளுக்கு, அஞ்சலையும் கோப்புகளையும் மறையாக்கவும் டிஜிட்டல் கையெழுத்திடவும் உதவும் ஜிபிஜி நிரலைச் சொல்லித் தருகிறேன். அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள்: எல்லோருக்கும் தரும் பொதுச் சாவி, தன்னிடமே வைத்துக்கொள்ளும் ரகசியச் சாவி. பாடம் முடிந்ததும் ஒருவர் பொதுச் சாவியில் இன்னொருவர் கையெழுத்திடுவார்கள். டெர்மினலில் ஒரே வரியில் வேலை முடிந்துவிடுவதால் பலர் யோசிக்காமலே போட்டுவிடுகிறார்கள். "இந்தச் சாவி இவருடையதுதான், நானே சரிபார்த்தேன்" என்று ஊரறியச் சொல்லும் சாட்சி அது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் டெவலப்பராக விண்ணப்பிப்பவரின் சாவியை, ஏற்கெனவே அங்கிருக்கும் டெவலப்பர்கள் தரும் இந்தச் சாட்சியை நம்பித்தான் ஏற்கிறார்கள்.

ஒரு சாவியை அடையாளம் காட்டும் 40 எழுத்துத் தொடர்தான் ஃபிங்கர்பிரிண்ட். அதன் கடைசி எட்டு எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்திடாதீர்கள். அதே எட்டு எழுத்துகளில் முடியும் போலிச் சாவியைச் சில நொடிகளில் செய்துவிடலாம் என்று 2014-லேயே காட்டிவிட்டார்கள். 2016-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரிலேயே அப்படியொரு போலி, பொதுச் சாவிகளை எல்லோரும் ஏற்றி எடுக்கும் சாவி சர்வரில் கிடந்தது. ஃபிங்கர்பிரிண்டின் 40 எழுத்துகளையும் பாருங்கள்; அதுவும் சாவிக்காரரே கையில் தந்த சீட்டிலிருந்து. அந்தச் சீட்டை ஜெராக்ஸ் கடையில் அச்சடிக்கலாம், அதில் ரகசியம் ஏதுமில்லை. ஆனால் ரகசியச் சாவி வைத்திருக்கும் பென்டிரைவைக் கடைக் கணினியில் செருகவே கூடாது.

அடையாள அட்டையில் நமக்கு வரும் சிக்கல் இனிஷியல். சாவியில் அது பெயருக்கு முன்னால் ஓரெழுத்தாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். முகமும் பெயரும் பொருந்தி, இனிஷியலின் விரிவும் தெளிந்தால் நான் ஏற்பேன். செல்லப்பெயர் மட்டும் உள்ள சாவியில் போடமாட்டேன். யாருடைய ஆதாரையும் போனில் படமெடுக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

மற்றதைக் கருவியிடம் விடலாம். டெபியனிலும் உபுண்டுவிலும் 'சைனிங்-பார்ட்டி' என்ற பொதியை நிறுவினால் 'காஃப்' என்ற கையெழுத்துக் கருவி கிடைக்கும். சரிபார்த்த ஃபிங்கர்பிரிண்டுகளை வரிசையாகக் கொடுத்தால், ஒவ்வொரு சாவியையும் எடுத்து, உங்களிடம் கேட்டுக் கையெழுத்திட்டு, அதிலுள்ள ஒவ்வொரு மின்னஞ்சல் முகவரிக்கும் தனித்தனியாக மறையாக்கம் செய்து அனுப்பும். அந்த அஞ்சல்பெட்டியும் ரகசியச் சாவியும் இரண்டுமே கையில் இருப்பவரால்தான் அதைத் திறக்க முடியும். ஆக, முகவரியும் சோதிக்கப்பட்டுவிடுகிறது. நீங்களே சர்வரில் ஏற்றினால் இந்தச் சோதனை வீணாகும். தவிர 2019-இல் சிலருடைய சாவிகளில் குப்பைக் கையெழுத்துகளைக் கொட்டி அவற்றையே பயன்படாமல் செய்த தாக்குதலுக்குப் பிறகு, சர்வரிலிருந்து வரும் பிறர் கையெழுத்துகளை ஜிபிஜி இயல்பாகவே ஒதுக்கிவிடுகிறது.

பிள்ளைகள் தடுக்கி நிற்பது மடிக்கணினியில் அஞ்சல் அனுப்பும் அமைப்பு இல்லாதபோது. காஃபின் அமைப்புக் கோப்பில் உங்கள் அஞ்சலை அனுப்பித் தரும் எஸ்எம்டிபி சர்வரைக் குறிப்பிட்டால் போதும். அஞ்சல் போகாவிட்டாலும் கையெழுத்திட்ட சாவிகள் காஃபின் கோப்புறையில், தேதி வாரியாக இருக்கும்.

உங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் ஒரு சாவியை நம்ப வேண்டுமென்றால், வெளியே போகாத உள்ளூர்க் கையெழுத்தே போதும். ஜிபிஜியில் 'குயிக்-எல்சைன்-கீ' அதற்குத்தான். போட்ட கையெழுத்தில் பின்னால் சந்தேகம் வந்தால், சாவியைத் திருத்தும் நிலைக்குப் போய் 'ரெவ்சிக்' கொடுத்துத் திரும்பப் பெறுங்கள். அந்த ரத்தையும் சாவிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.