குன்னூரின் விடியற்காலைத் தும்மல்

கோயம்புத்தூரில் இருந்தவரை தும்மலால் ஒரு நாளும் தொல்லைப்படாத என் அக்காள் மகள், குன்னூருக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில், விடியற்காலை ஐந்து மணிக்கு விழித்ததும் தொடர்ந்து பத்து, பதினைந்து முறை தும்மத் தொடங்கினாள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில், சமவெளியின் புழுதியும் வாகனப் புகையும் கொடுக்காத நோய் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் வியப்பு. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், சளி என்றார்கள், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளோடும் மூக்குச் சொட்டு மருந்தோடும் எட்டு மாதம் ஓடியது. அதன்பிறகே அக்காள் அவளைக் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போனாள். நானும் உடன் போயிருந்தேன்.

மருத்துவர் முதலில் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மூக்கின் குறுக்கே, நுனிக்குச் சற்று மேலே, மெல்லிய மடிப்புக் கோடு ஒன்று விழுந்திருந்தது. அரிப்புத் தாங்காமல் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து உண்டாகும் கோடு அது. கண்களுக்குக் கீழே கருவளையம். அடைத்த மூக்கைச் சுற்றியுள்ள சிரைகளில் இரத்தம் தேங்குவதால் வருவது. பிறகு கேள்விகள்.

"எந்திரிச்சதும் தும்மலா, இல்ல வெளியில போயிட்டு வந்த பிறகா?"

"விடியக்காலத்துலயே டாக்டர். ஸ்கூலுக்குப் போயிட்டா குறைஞ்சிடுது. லீவுல கோயம்புத்தூர் போய் ஒரு வாரம் இருந்தா நல்லாயிடுறா."

"காய்ச்சல் இருந்துச்சா? போர்த்திக்கிற கம்பளி எத்தனை வருஷத்துது?"

கம்பளி அக்காளின் மாமியார் காலத்தது. டிரங்குப் பெட்டியிலிருந்து ஐப்பசியில் வெளியே வரும். பங்குனியில் மீண்டும் உள்ளே போகும். அந்தப் பதிலைக் கேட்டதுமே மருத்துவர் ஏறத்தாழ முடிவுக்கு வந்துவிட்டார். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் என்ற அந்தக் கேள்விகளை நேரத்தைக் கடத்தும் விசாரிப்பாகப் பலர் நினைக்கிறார்கள். ஒவ்வாமை உடலுக்குள் நடக்கும் விதத்தை அறிந்தால், அதைக் கண்டுபிடிக்கும் முதன்மைக் கருவியே அவைதாம் என்பது விளங்கும்.

அலர்ஜி என்ற சொல்லை வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906ஆம் ஆண்டு உருவாக்கினார். ஒரு பொருளை முன்பே சந்தித்த உடல், மறுமுறை அதைச் சந்திக்கும்போது மாறுபட்டு நடந்துகொள்வதை அவர் அச்சொல்லால் குறித்தார். முதல் சந்திப்பில் வெளியே எதுவும் தெரிவதில்லை. மூக்கின் உட்சவ்வைத் தொட்ட புரதத்தைப் பகையென்று தவறாக அடையாளம் கண்ட நோயெதிர்ப்பு மண்டலம், அதற்கென்றே ஐ.ஜி.இ என்னும் எதிர்ப்புரதத்தை வார்த்து வைக்கிறது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் பணியாற்றிய இஷிசாகா தம்பதியும் சுவீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்த இந்தப் புரதம், மூக்கு, கண், மூச்சுக்குழல், தோல் ஆகிய எல்லைப்புறங்களில் காவலிருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மீண்டும் வந்து, அருகருகே உள்ள இரண்டு ஐ.ஜி.இ மூலக்கூறுகளைப் பாலம்போல் இணைத்தவுடன், மாஸ்ட் செல் தன்னுள் பொதி பொதியாகச் சேர்த்து வைத்திருக்கும் ஹிஸ்டமினைச் சில நிமிடங்களுக்குள் கொட்டிவிடுகிறது. ஹிஸ்டமின் நரம்பைத் தூண்டுவதால் அரிப்பும் தும்மலும் வருகின்றன. இரத்த நாளங்களைக் கசியச் செய்வதால் மூக்கில் நீராக ஒழுகுகிறது.

இதோடு முடிவதில்லை. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரும். மாஸ்ட் செல்கள் விடுத்த செய்திகளைக் கேட்டு ஈசினோஃபில் முதலிய வெள்ளணுக்கள் அங்கே குவிந்து, சவ்வை வீங்கவைத்து மூக்கை அடைக்கின்றன. தும்மல் நின்ற பின்னும் இரவில் வாயால் மூச்சு விடுகிற குழந்தைக்கு இந்த இரண்டாம் அலைதான் காரணம். மருந்துகளைப் பற்றிய பல குழப்பங்கள், இவ்விரு அலைகளைப் பிரித்தறியாததால் வருபவை.

கம்பளிக்குள் இருந்தது என்ன? 1964ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர், வீட்டுத்தூசி ஒவ்வாமையின் முதன்மைக் காரணம் தூசியில் வாழும் ஒரு நுண்ணிய உண்ணி என்று காட்டினார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். அது நம்மைக் கடிப்பதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் கம்பளியிலும் வாழ்கிறது. ஒவ்வாமையைத் தருவது பெரும்பாலும் அதன் எச்சம். நாளொன்றுக்கு இருபது போல அது இடும் எச்ச உருண்டைகளில், புரதங்களை வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. மூச்சுப்பாதைச் செல்களைப் பிணைத்திருக்கும் கட்டுகளையே அந்த நொதி தளர்த்தி, உள்ளே நுழைய வழி செய்துகொள்கிறது. இந்த உருண்டைகள் கனமானவை. போர்வையை உதறும்போது எழும்பி, சிறிது நேரத்தில் படிந்துவிடுபவை. ஆகவே படுக்கையில் புரளும்போதும் எழும்போதும் மூக்கு அவற்றை மிகுதியாகச் சந்திக்கிறது. வீக்கத்தை அடக்க உடல் தானே சுரக்கும் கார்ட்டிசோல் நள்ளிரவையொட்டி மிகக் குறைந்திருப்பதும் விடியற்காலைத் தொல்லையைக் கூட்டுகிறது. மருத்துவரின் முதல் கேள்வி இதற்காகத்தான்.

மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்ற நம்பிக்கையை இங்கே சற்று நிறுத்தி ஆராய வேண்டும். சுவிட்சர்லாந்தில் 1560 மீட்டர் உயரத்திலுள்ள டாவோஸில் ஆஸ்துமா நோயாளிகள் நலமடைந்தது உண்மை. அங்குள்ள வீடுகளில் உண்ணிகள் மிகக் குறைவு. ஆனால் உண்ணியை விரட்டியது உயரம் நேரடியாக அன்று, வறட்சி. உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. முன்கால்களின் அடியிலுள்ள சுரப்பிகளில் ஊறும் உப்புக் கரைசலைக் கொண்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் அது உலர்ந்து மடிகிறது. ஆல்ப்ஸின் உறைகுளிர்க் காற்று தன்னுள் நீராவியைச் சிறிதளவே ஏந்த வல்லது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து சூடாக்கும்போது அறை பாலைவனம்போல் வறண்டுவிடும். நீலகிரியின் நிலை வேறு. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் மூடுபனி சன்னலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நம் வீடுகளைச் சுவிட்சர்லாந்து வீடுகளைப்போல் நாள் முழுவதும் சூடாக்குவதும் இல்லை. நனைந்த துணிகளை அறைக்குள் கொடி கட்டி உலர்த்துகிறோம். அந்த நீரெல்லாம் மெத்தைக்கே போகிறது. குளிரில் உண்ணி மெதுவாகத்தான் பெருகும் என்றாலும், போர்வைக்குள் நம் உடலே அதற்கு வேண்டிய வெப்பத்தை இரவெல்லாம் கொடுக்கிறது.

உண்ணி மட்டுமே குற்றவாளி என்று எல்லோரையும் ஒரே முடிவுக்கு இழுத்துச் செல்லவும் கூடாது. மழைக்காலத்தில் வடக்குச் சுவரில் படரும் பூஞ்சணத்தின் வித்துகள் சிலருக்கு மூச்சிரைப்பைத் தரும். மழை ஓய்ந்து புல் பூக்கும்போதும், சைப்ரஸ் மரங்கள் மகரந்தத்தை உதிர்க்கும்போதும் வெளியே போனால்தான் கண் அரிக்கிறது என்றால், அது வேறு கதை. தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் பிரிவில் பறக்கும் பஞ்சு போன்ற தூள் சிலருக்கு ஆஸ்துமாவைத் தருவதுண்டு. வேலை நாட்களில் மூச்சிரைத்து, விடுமுறையில் தணிகிறது என்று தொழிலாளி சொல்லும் ஒரு வாக்கியம் பல சோதனைகளுக்கு ஈடு. விறகடுப்புப் புகையோ ஒவ்வாமையே அன்று, ஐ.ஜி.இயின் துணையின்றி, ஏற்கெனவே வீங்கிய மூச்சுக்குழலை நேரடியாக எரிச்சலூட்டுவது அது.

எங்கள் வீடுகளில் மூக்கடைப்பு என்றாலே கை போவது நீலகிரித் தைலத்துக்கு. முகர்ந்ததும் மூக்கு திறந்ததுபோல் இருக்கும். ஆனால் அளந்து பார்த்தபோது, யூக்கலிப்டஸ், மெந்தால் ஆகியவற்றின் ஆவியை முகர்ந்தவர்களுக்குக் காற்றோட்டம் கூடிய உணர்வு வந்ததே தவிர, மூக்கின் உள்தடை குறையவில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை அவை தூண்டுவதால் வரும் உணர்வு அது. பெரியவர்களுக்கு அந்த ஆறுதல் இருந்துவிட்டுப் போகட்டும்; கைக்குழந்தையின் மூக்கிலோ அருகிலோ தடவுவதை மட்டும் அன்போடு தடுக்க வேண்டும், மூச்சையே அது தடுமாறச் செய்யக்கூடும்.

சோதனைகளுக்கு வருவோம். மொத்த ஐ.ஜி.இ அளவு கூடியிருக்கிறது என்ற தாளோடு அலர்ஜி உறுதியாகிவிட்டதென்று பலர் வருகிறார்கள். உருளைப்புழு, கொக்கிப்புழு முதலிய குடற்புழுக்களாலும் அதே அளவு உயரும். அந்த எண் மட்டும் எதையும் முடிவு செய்வதில்லை. முன்கையில் ஒவ்வாமைப் பொருள்களின் சாற்றைச் சொட்டிட்டு மெல்லக் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் எழும் தடிப்பை அளக்கும் தோல் சோதனை அதைவிடப் பயனுள்ளது; அதற்குச் சில நாள் முன்பே ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளை நிறுத்த வேண்டும். அங்கேயும், தடிப்பு வந்த பொருள்களெல்லாம் நோயைத் தருவதாகப் பொருளில்லை. தடிப்பும் நோயாளி சொல்லும் வரலாறும் ஒன்றையொன்று ஆமோதிக்க வேண்டும். நூறு உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி என்னும் வேறொரு எதிர்ப்புரதத்தைப் பார்த்துத் தரப்படும் நீண்ட பட்டியலைக் கொண்டு, வளரும் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. உணவைச் சாப்பிட்ட எவருக்கும் அந்தப் புரதம் இயல்பாகவே இருக்கும்.

மருந்தில் முன்சொன்ன இரண்டு அலைகள் துணைக்கு வரும். செட்டிரிசின், லோரட்டடின் போன்ற மாத்திரைகள் முதல் அலையின் ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. தும்மலும் அரிப்பும் அடங்கும். குளோர்பெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் மூளைக்குள் எளிதில் புகுந்து தூக்கத்தைத் தருபவை. 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்கு அதைக் கொடுக்குமுன் தொழில் என்னவென்று கேட்கும் மருத்துவரே வேண்டும். இரண்டாம் அலையின் வீக்கத்தை அடக்குவது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. அது உடனே வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். மூன்று நாளில் பயனில்லை என்று கைவிடுகிறவர்களே மிகுதி. எங்கள் மருத்துவர் குழந்தையின் கையிலேயே அதைக் கொடுத்துப் பழக்கினார்: தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடது நாசியிலும் இடக்கையால் வலது நாசியிலும், நுனியை நடுத்தண்டைவிட்டு வெளிப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். நடுத்தண்டின்மேல் நேராக அடித்தால் இரத்தம் கசியும். எட்டு மாதமாக அவள் பயன்படுத்திவந்த மூக்குச் சொட்டு மருந்தை அன்றே நிறுத்தச் சொன்னார். சைலோமெட்டசோலின் வகைச் சொட்டுகள் இரத்த நாளங்களைச் சுருக்கி ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் பிடி தளரும்போதெல்லாம் நாளங்கள் முன்னைவிடப் புடைத்து அடைப்பே நிலைத்துவிடும். ஒரே ஊசியில் அலர்ஜி போய்விடும் என்று திரும்பத் திரும்பப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி எலும்பையும் இரத்தச் சர்க்கரையையும் குழந்தையின் வளர்ச்சியையும் பாதிக்கும். ஸ்ப்ரேயில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் மூக்கோடு பெரும்பாலும் நின்றுவிடுவது. இன்ஹேலருக்கும் இதே நியாயம்தான். அது பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தில் இரவெல்லாம் இழுத்து இழுத்து மூச்சு வாங்கும் முதியவர்களைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் செய்தவை எளியவை. வாரம் ஒரு முறை விரிப்பும் தலையணை உறையும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கப்பட்டன. அந்த வெப்பம் உண்ணியைக் கொல்கிறது, நீர் எச்சத்தைக் கரைத்துக் கொண்டுபோகிறது. வெயிலில் போடுவது நல்லதுதான், ஆனால் செத்த உண்ணியின் எச்சமும் ஒவ்வாமையைத் தரும் என்பதால் துவைக்காத வெயில் பாதி வேலையே. மெத்தைக்கு நெருக்க நெய்த உறை வந்தது. துணி உலர்த்தும் கொடி படுக்கையறையைவிட்டு வெளியேறியது. பழைய கம்பளி போனது. இவற்றில் ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பலனை எதிர்பார்க்க முடியாது; மருந்தோடு சேர்த்து எல்லாவற்றையும் செய்தால்தான் தெரியும்.

மலையில் இன்னொன்றையும் குடும்ப மருத்துவரிடம் முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டும். மலைத்தேனீ கொட்டியோ, மருந்தாலோ, உணவாலோ, உடலெங்கும் தடிப்போடு மூச்சுத் திணறலும் மயக்கமும் வந்தால் அது அனஃபிலாக்சிஸ். அதற்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில், வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம். மாத்திரையோ வேறு ஊசியோ அதன் இடத்தை நிரப்பாது. நோயாளியை எழுப்பி நிறுத்தாமல் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரவைத்து, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். எஸ்டேட்டிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம் என்பதால், அருகிலுள்ள எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த ஊசி இருக்கிறது என்பதை அறிந்திருப்பது உயிர் காக்கும்.

இவ்வளவுக்குப் பின்னும் அடங்காதவர்களுக்கு, ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை உண்டு. லண்டனில் 1911ஆம் ஆண்டு லெனர்ட் நூன் புல் மகரந்தத்தைக் கொண்டு தொடங்கிய முறை அது. வழக்கமாக மூன்று ஆண்டுகள் தொடர வேண்டும். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்க வேண்டும். வல்லுநரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அக்காள் மகளுக்கு அது தேவைப்படவில்லை. தும்மிய நாள், இடம், வானிலை, போட்ட மருந்து ஆகியவற்றை ஒரு நோட்டில் அவளே எழுதிவந்தாள். மார்ச் மாதம் அதைப் புரட்டிப் பார்த்த மருத்துவர், வறண்ட வெயில் தொடங்கிய பிப்ரவரி நடுவிலிருந்தே பக்கங்கள் வெறுமையாக இருப்பதைக் காட்டி ஸ்ப்ரேயை நிறுத்தினார். அக்டோபர் மழைக்கு இரண்டு வாரம் முன்பே மீண்டும் தொடங்க வேண்டும் என்று சொல்லி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் செப்டம்பர் 15 என்று தம் கையால் எழுதிக் கொடுத்தார்.