விழித்திரையைத் தாக்கும் அக்கி வைரஸ்

சின்னம்மையை உண்டாக்கும் வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்து, பின்னொரு நாள் அக்கியாகத் தோலில் கிளம்புவதைப் பலரும் அறிவர். அதே வைரஸ் கண்ணுக்குள் புகுந்து விழித்திரையை நாள்கணக்கில் அழித்துவிடக்கூடும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸாலும் வரக்கூடிய இந்தக் கடும் விழித்திரை அழிவு நோய் (acute retinal necrosis) 1971இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையைக் கெடுக்கும் சைட்டோமெகலோ வைரஸ் பெரும்பாலும் நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 50க்கும் கீழே இறங்கியவர்களிடம் காணப்படுவது. இதுவோ நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவர்களையும் விட்டுவைப்பதில்லை.

இந்நோயோடு வருபவர்களில் சிலர் கையில் ஒரு ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் இருக்கும். கண் சிவந்ததும் மெட்ராஸ் ஐ என்று எண்ணி, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது. மெட்ராஸ் ஐ வந்தால் பீளை தள்ளும், மண் விழுந்ததுபோல் உறுத்தும். ஆனால் கண்முன் கரும்புள்ளிகள் மிதக்காது. சிவப்போடும் வலியோடும் புள்ளிகள் மிதந்து பார்வையும் மங்கினால், அன்றே கண் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

நோய் பெரும்பாலும் விழித்திரையின் ஓரத்தில் தொடங்குவதால், தொடக்கத்தில் நோயாளி எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிடவும் கூடும். அதை நம்பி, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு ஓரம்வரை பார்க்காமல் அனுப்புவது பேராபத்து. ஓரத்தில் வெண்மஞ்சள் திட்டுகளும், அவற்றையொட்டி அடைபட்ட தமனிகளும் தெரிந்தால் ஐயம் வலுக்கிறது. கண்ணின் முன்னறையிலிருந்து ஏறக்குறைய 0.1 மில்லி நீரை மெல்லிய ஊசியால் எடுத்து, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினால் எந்த வைரஸ் என்பது தெரியவரும். டாக்சோபிளாஸ்மா கிருமியும் சிபிலிஸும் இதே தோற்றத்தில் ஏமாற்றக்கூடியவை என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை. எனினும் முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

வழக்கமாக வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை சிரை (இரத்தக் குழாய்) வழியாகச் செலுத்தப்படுகிறது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் கவனித்து வருவோம். பிறகு வாலாசைக்ளோவிர் மாத்திரைகள் வாரக்கணக்கில் தொடரும். தேவையானால் கண்ணுக்குள்ளேயே கான்சிக்ளோவிர் அல்லது ஃபாஸ்கார்னெட் ஊசி போடப்படும். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு, வைரஸ் மருந்து தொடங்கி ஓரிரு நாள் கழிந்த பின்னரே. அது முந்திக்கொண்டால் வைரஸுக்குத்தான் வசதி.

கண் வெளுத்து வலியும் நின்ற பிறகு மாத்திரை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மறு கண்ணைக் காக்கத்தான்: அதில் நோய் தொற்றுவது பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களுக்குள். நோய் அடங்கிய இடத்தில் விழித்திரை மெலிந்து ஓட்டைகள் விழுந்து விலகிவிடும் ஆபத்தும் அதிகம். அவ்வாறானால் அறுவை சிகிச்சை செய்து, விழித்திரையை அதன் இடத்தில் பிடித்துவைக்கக் கண்ணுக்குள் சிலிகான் எண்ணெய் நிரப்ப வேண்டியிருக்கும். ஆகவே வீடு திரும்புபவர்களிடம், நாள்தோறும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்து வரும்படியும், எந்தப் பக்கத்திலாவது திரைபோல நிழல் விழுந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திராமல் அன்றே வந்துவிடும்படியும் சொல்லி அனுப்புகிறோம்.